இரண்டாவது தேங்க்ஃபுல்

செப்டம்பர் 16, சனி

அப்பாவால் இனி அரிவாள் வீச முடியாது. இன்றைக்கு அவரே ஒத்துக்கொண்டார். டன்னிங் இடுகாட்டில் பாதிப் புல்லை வெட்டியதும் கல்சுவர் மேல் உட்கார்ந்துவிட்டார். மீதியை நான் வெட்டினேன். "புல்லை வெட்டுறியா, தலை சீவி விடுறியா?" என்று அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தொரு வருடமாக, ஜூனில் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை. வேறொருவரின் வைக்கோல் வயலுக்கு நடுவே கால் ஏக்கர் இடம், சுற்றிலும் கல்சுவர், உள்ளே பதினோரு கற்கள். அசஹேல் டன்னிங், அவர் மனைவி மெஹிடபெல், அவர்களுடைய பிள்ளைகள். இந்த மேட்டில் முதன்முதலில் மரம் வெட்டி உழுத குடும்பம். அந்த நிலம் ஒருநாளும் எங்களுடையதாக இருந்ததில்லை. டன்னிங் பேரன்கள் 1847-இல் அதை விற்றுவிட்டு ஒஹாயோவுக்குப் போய்விட்டார்கள். ஆனால் அங்கே கிடப்பவர்கள் நம் ஆட்கள் என்று அப்பாவிடம் அவருடைய அம்மா சொல்லியிருக்கிறார். அது போதும் அவருக்கு.

காருக்கு இறங்கி வரும்போது, "என்னை இங்க வச்சிடு" என்றார். பாலுக்குச் சொல்வது போலச் சாதாரணமாக.

இதய மருத்துவர் வியாழக்கிழமை சொன்னதை நாங்கள் இருவருமே பேசவில்லை. குளிர்காலம் தாண்டினால் பார்க்கலாம் என்றார். அம்மா பக்கத்தில் புதைக்கலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. அவள் ஃபுளோரிடாவில் இருபது வருடமாக வேறொருவரின் மனைவி.

செப்டம்பர் 19, செவ்வாய்

மதியம் ஊர் அலுவலகம் போனேன். அந்த வயல் இப்போது திருமதி கெஸ்லருடையது. பாஸ்டனிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகிறது. நேற்று நான் கேட்டதற்கு அவர் அனுப்பிய மின்னஞ்சல் மரியாதையாகவே இருக்கிறது. உரிமை இருந்தால் தடையில்லை, உரிமையை மட்டும் காட்டுங்கள் என்கிறார். 1847 விற்பனைப் பத்திரத்தில், சுவருக்கு உள்ளே இருக்கும் இடம் அசஹேல் டன்னிங்கின் இரத்த வழி வந்தவர்களை அடக்கம் செய்ய என்றென்றைக்கும் விடப்படுகிறது என்று இருக்கிறது. ஆகவே அசஹேலிலிருந்து அப்பா வரைக்கும் தலைமுறை தலைமுறையாக நான் நிரூபிக்க வேண்டும். பிறகு ஊர் எழுத்தர் ஆர்லீன் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும்.

"உங்கப்பாவுக்குன்னா இப்பவே முத்திரை குத்திடுவேன் டேனா," என்றாள் ஆர்லீன். "ஆனா அந்தம்மாவோட வக்கீல் இருக்காரே, கமா விட்டாக்கூட திருப்பி அனுப்புவார்."

பெரிய வேலை இல்லை. அப்பாவிலிருந்து மேலே ஐந்து படி போனால் எலை பீபி. அவர் 1804-இல் கட்டிக்கொண்டது தேங்க்ஃபுல் டன்னிங்கை. அவள் அசஹேலின் மகள். அவ்வளவுதான்.

செப்டம்பர் 24, ஞாயிறு

அப்பா படிக்கட்டில் இரண்டு தடவை நின்றார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அக்டோபர் 7, சனி

லோடிமா அத்தையின் நோட்டுப் புத்தகத்தை மேல்மாடிப் பெட்டியிலிருந்து எடுத்தேன். தாத்தாவுக்கு அத்தை முறை, பள்ளிக்கூட ஆசிரியை. 1894-இல் மொத்தக் குடும்பத்தையும் எழுதி வைத்திருக்கிறாள். அழகான எழுத்து, ஒரு சந்தேகம்கூட இல்லாத எழுத்து.

"தேங்க்ஃபுல், 1784இல் பிறந்து 1788 இலையுதிர் காலத்தில் தொண்டைக் காய்ச்சலில் மறைந்தாள். அடுத்துப் பிறந்த பெண்ணுக்கு, வழக்கம் போல, அதே பெயர்."

அந்தக் காலத்தில் இங்கே எல்லா வீட்டிலும் நடந்ததுதான். பிள்ளை செத்தால் அடுத்த பிள்ளைக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிடுவார்கள். டன்னிங் இடுகாட்டிலேயே இரண்டு ஜோயல்கள் இருக்கிறார்கள், ஒருவன் ஆறு மாதம், மற்றவன் எழுபது வயது. பெயர் வீணாகப் போகக் கூடாது என்று நினைத்தார்களோ. மதிய உணவுக்குக் கூப்பிடும்போது மெஹிடபெல்லுக்கு எந்தத் தேங்க்ஃபுல் முதலில் நினைவுக்கு வந்திருப்பாள்?

அக்டோபர் 20, வெள்ளி

கிடைக்கவில்லை.

ஊர்ப் பிறப்புப் பதிவில் அசஹேல் தன் ஏழு பிள்ளைகளையும் தேதியோடு எழுத வைத்திருக்கிறார். இரண்டாவது தேங்க்ஃபுல் அதில் இல்லை. சபையின் ஞானஸ்நானப் பதிவிலும் இல்லை. ஒரு பசுங்கன்று காணாமல் போனதைக்கூடப் பதிவு செய்த மனிதர் அவர்.

வீட்டுக்கு வந்து மெஹிடபெல் கல்லின் புகைப்படத்தைப் பார்த்தேன். 1819-இல் எண்பது வயது. அப்படியானால் முதல் தேங்க்ஃபுல் பிறந்தபோது நாற்பத்தைந்து. கடைசிப் பிள்ளை, சரி. அது செத்த பிறகு இன்னொன்று? ஐம்பதிலா?

அப்பா, "எத்தனை பேரைப் பிடிச்ச?" என்று கேட்டார். ஐந்து என்றேன். "ஆறாவது ஆளு மாட்டுக் கொட்டாய்ல ஒளிஞ்சிருப்பா, தேடு" என்றார்.

நவம்பர் 3, வெள்ளி

தேடியிருக்கக் கூடாது.

ஆர்லீன் இரும்புப் பெட்டகத்திலிருந்து 1788-க்குப் பிறகான ஏழைகள் மேற்பார்வைப் புத்தகத்தைக் கொண்டு வந்து கொடுத்தாள். பிறப்புப் பதிவில் இல்லாத ஆளை வேறு எங்கே தேடுவது? இதைக் கேட்கும்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1789 மார்ச் ஊர்க்கூட்டம். பன்றிகளை அவிழ்த்து விடலாமா என்று ஒரு தீர்மானம், பாலத்துப் பலகைக்கு ஒரு தீர்மானம், அதற்கடுத்து இது. வெளியூர்ப் பெண் ஒருத்தி சத்திரத்துக் குதிரைக் கொட்டகையில் இறந்திருக்கிறாள். அவளுடைய பெண் குழந்தை, சுமார் நான்கு வயது, டார்கஸ் என்று சொல்கிறது. ஊர்ச் செலவில் வளர்க்க ஏலம். வளர்ப்புக்கு ஊரிடம் மிகக் குறைந்த பணம் கேட்டவருக்குக் குழந்தை. கேட்டவர் அசஹேல் டன்னிங்.

அந்தப் பக்கத்துக்குள்ளேயே நான்காக மடித்த ஒப்பந்தம் ஒன்று. டார்கஸ் பதினெட்டு வயது வரை அசஹேல் வீட்டில் வேலை செய்ய வேண்டும், அவர்கள் அவளுக்கு வாசிக்கக் கற்றுத்தர வேண்டும், போகும்போது இரண்டு ஜோடி உடுப்பு, ஒன்று ஞாயிற்றுக்கிழமைக்கு. பின்பக்கம் வேறொரு கை எழுதியிருக்கிறது: "இப்பெண் இப்போது தேங்க்ஃபுல் என்று அழைக்கப்படுகிறாள். 1803 மே மாதம் பதினெட்டு நிறைந்து விடுவிக்கப்பட்டாள்."

மறு வருடம் எலை பீபியோடு கல்யாணம்.

லோடிமா ஒரே பெயரை இரண்டு தடவை பார்த்தாள், வழக்கம் என்று நினைத்தாள். இந்த ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நானும் நினைத்தேன்.

மகள் செத்து ஐந்து மாதம். அவளுடைய பெயர் இருந்தது, கவுன் இருந்திருக்கும், கட்டிலும் இருந்திருக்கும்.

ஆர்லீன் நகல் எடுக்கும்போது தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் இன்னைக்குக் கண்ணாடி கொண்டு வரல" என்றாள். கண்ணாடி அவள் கழுத்தில் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நவம்பர் 4, சனி

நகல் காரில், இருக்கைக்கு அடியில்.

நவம்பர் 11, சனி

அப்பா வீட்டு வெந்நீர்க் குழாயைச் சரி செய்ய என் தம்பி கர்ட் வந்தான். அவனிடமாவது சொல்லலாம் என்று காருக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தான்.

"லோடிமா அத்தை என்ன எழுதினாளோ அதையே நீயும் எழுதிக் கொடு. முடிஞ்சது."

சத்தியம் செய்து கொடுக்க வேண்டிய படிவம் என்றேன்.

"நீ இதைத் தேடாம விட்டிருந்தா என்ன எழுதியிருப்ப?"

நகலை அவன் கையிலிருந்து வாங்கி மடித்தேன்.

"கிணத்துத் தண்ணியில ஈயம் இருக்கான்னு பாக்குற மாதிரி செத்தவங்களையும் பாக்குற நீ. அந்த மனுஷன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, டேனா. அதுவும் வாழ்க்கையில முதல் தடவையா."

அது உண்மை. பால் விலை விழுந்து மாடுகளை ஏலம் விட்டபோதும் கேட்கவில்லை, அம்மா போனபோதும் கேட்கவில்லை.

நவம்பர் 14, செவ்வாய்

பரிசோதனைக்கூடத்தில் இன்று நாற்பது குப்பித் தண்ணீர். ஒரு கிணற்றில் கிருமி இருந்தால் இருக்கிறது என்று எழுதுகிறேன். அந்தக் கிணற்றை வீட்டுக்காரருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று கேட்பதில்லை.

ஆனால் இதை யாரும் குடிக்கப் போவதில்லையே? கெஸ்லருக்கு என்ன நஷ்டம்? டன்னிங்குகளுக்கு என்ன? கால் ஏக்கரில் பாதி காலி.

படிவத்தில் ஆறாவது கட்டம்: தேங்க்ஃபுல், அசஹேலின் மகள். பென்சிலால் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. தாள் தாளாகவே இருந்தது. பிறகு அழித்தேன். நான்கு வயதில் ஒரு தடவை அவளுக்குப் பெயரை மாற்றினார்கள், இப்போது நான் இரண்டாவது தடவை.

பதினோரு வருடம் நான் திருமதி ஹொய்ட்டாக இருந்தேன். விவாகரத்துக்குப் பிறகு ஒரு படிவம், மூன்று வரி, திரும்பவும் பீபி. இன்றைக்கும் கடையில் யாராவது ஹொய்ட் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன். அவளும் திரும்பியிருப்பாளா, யாரோ யாரையோ டார்கஸ் என்று கூப்பிட்டால்?

நவம்பர் 23, வியாழன்

தேங்க்ஸ்கிவிங், நன்றி நாள். கர்ட் வீட்டில் சாப்பாடு. வான்கோழி கொஞ்சம் காய்ந்துவிட்டது, பூசணிப் பை நன்றாக இருந்தது. அப்பா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அடுத்த வருடம் இந்த மேசையில் ஒரு தட்டு குறையும், மேட்டில் ஒரு ஆள் கூடும் என்றார். "அசஹேல் கிழவன் வேணாம்னு சொல்லமாட்டான். அம்பது வருஷமா அவனுக்கு முடி வெட்டி விட்டிருக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். கர்ட் என்னையே பார்த்தான். நான் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன், கழுவியதையே மறுபடியும் கழுவினேன்.

நவம்பர் 26, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, சமையலறை மேசையில். அவருக்குச் சின்ன எழுத்து தெரியாது என்பதால் வாசித்தே காட்டினேன், பன்றித் தீர்மானத்திலிருந்து. பன்றிக்குச் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"எத்தனை வயசு?"

"நாலு."

"குறைச்சலாக் கேட்டவனுக்கா?"

"ஆமாப்பா."

காப்பிக் கோப்பையை மேசை மேல் கால் வட்டம் திருப்பினார். "என் மாடுங்களைக்கூட அதிகம் கேட்டவனுக்குத்தான் கொடுத்தேன்" என்றார்.

பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கிருந்து டன்னிங் மேடு தெரியாது, மரங்கள் மறைக்கும். இலை உதிர்ந்திருந்தால் கல்சுவரின் ஒரு மூலை தெரியும். இலை உதிர்ந்துவிட்டது.

ஏன் சொன்னேன்? அவர் கேட்டாரா? உண்மை உண்மைன்னு பிடிச்சுக்கிட்டு... யாருக்கு வேணும் அது. எழுபத்தொன்பது வயசு ஆளு கிட்ட இருந்து இருந்த ஒண்ணையும் பிடுங்கிட்டேன். கர்ட் சொன்னது சரிதான். சரிதானா?

நவம்பர் 28, செவ்வாய்

பனி வரும் என்றார் அப்பா. படிக்கட்டில் தூவ உப்புப் பை வாங்கி வைக்கச் சொன்னார்.

நவம்பர் 29, புதன்

கர்ட்டின் அழைப்பு. "இப்ப திருப்தியா?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

டிசம்பர் 2, சனி

அப்பா லோடிமாவின் நோட்டைக் கேட்டார். பூதக்கண்ணாடி வைத்து, மதியம் முழுக்க, விரலால் வரி வரியாக. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "இங்க வா" என்றார்.

எலை - தேங்க்ஃபுல் தம்பதியின் பிள்ளைகள், ஆறு பேர். மூத்தது பெண், 1806. டார்கஸ்.

நான் எத்தனை தடவை இந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன்! எங்கள் வழி மகன் வழி என்பதால் பெண்களைத் தாண்டிப் போய்விட்டேன். ஓரத்தில் லோடிமா சின்னதாக எழுதியிருக்கிறாள்: "இந்தப் பெயர் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. இரு குடும்பத்திலும் இல்லை." அவளுடைய நோட்டிலேயே இந்த ஓர் இடத்தில்தான் அவள் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாள்.

அப்பா விரலை எடுக்கவே இல்லை. "அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கு" என்றார்.

அடுப்பில் கட்டை சரிந்தது. எழுந்து போய்ச் சரி செய்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்திடு."

"அங்கதானே இருக்கணும்னு ஆசைப்பட்டீங்க?"

"நம்ம ஆளுங்க கூட இருக்கணும்னுதான் சொன்னேன்" என்றார். "அவ எங்க இருக்கான்னு பாரு."

டிசம்பர் 5, செவ்வாய்

திருமதி கெஸ்லர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சொன்னேன், உரிமை இல்லை, விண்ணப்பத்தை எடுத்துக்கொள்கிறோம் என்று. அவர் என்னைவிட அதிகமாகச் சங்கடப்பட்டார். வக்கீலிடம் பேசி வேறு வழி பார்க்கலாமா என்று கேட்டார். நல்ல மனுஷிதான். வேண்டாம் என்றேன். அப்படியானால் இனி யார் புல் வெட்டுவார்கள் என்று கேட்டார். அதைத்தான் கேட்கத் தயங்கினார் போலிருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். "கர்ட் வெட்டுவான்" என்றார். "பக்கத்துல இருக்கறவங்க செய்ற வேலைதானே. இத்தனை வருஷமா நான் செஞ்சதும் அதுதான்னு இப்போ தெரியுதே."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தொப்பியைக் கையிலேயே வைத்திருந்தார். அவருக்கு வலிக்கவில்லை என்று நான் எழுதிக்கொள்ளப் போவதில்லை.

ஜனவரி 6, 2018, சனி

பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. காரே கிளம்பவில்லை.

ஜனவரி 30, செவ்வாய்

அப்பா மருத்துவமனையில், ஆறாவது நாள். நுரையீரலில் நீர். கர்ட்டும் நானும் மாறி மாறி உட்காருகிறோம். இன்று அவன் போகவில்லை, நான் வந்த பிறகும் இருந்தான். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

"அவளை எங்க புதைச்சாங்க?" என்று கேட்டான்.

லோடிமா எழுதியிருப்பதைச் சொன்னேன். மேல் கிராமம், மேட்டுக் கல்லறை, 1861. பனி உருகும் வரை ஒன்றும் பார்க்க முடியாது.

"பனி உருகற வரைக்கும் இருப்பாரா?"

தெரியாது என்றேன். அவன் தன் காப்பியைப் பாதி எனக்கு ஊற்றினான். நவம்பருக்குப் பிறகு இதுதான் நாங்கள் முதலில் பகிர்ந்துகொண்டது.

பிப்ரவரி 8, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டார். மருத்துவர் ஆச்சரியப்பட்டார். அப்பாவுக்கு மருத்துவமனை ஜெல்லி மேல்தான் கோபம்.

ஏப்ரல் 21, சனி

பனி மேட்டின் வடக்குப் பக்கத்தில் மட்டும் அழுக்காகக் கிடக்கிறது. கர்ட் கடப்பாரை கொண்டு வந்தான். மேல் கிராமத்துக் கல்லறையில் பழைய வரிசைகள் காட்டை ஒட்டி இருக்கின்றன. எலை பீபியின் கல் நேராக நின்றது. அதற்குப் பக்கத்தில் ஒரு கல் முகங்குப்புற, பாதி மண்ணில். இரண்டு பேரும் சேர்ந்து புரட்டினோம். மண்ணில் கவிழ்ந்து கிடந்த பக்கம் என்பதால் எழுத்து நேற்று வெட்டியது போல இருந்தது.

"தேங்க்ஃபுல். எலை பீபியின் மனைவி. வயது 76."

இன்னார் மகள் என்று இல்லை. மற்ற பெண்களின் கற்களில் இருக்கிறது, வரிசையில் பார்த்தேன். இவள் கல்லில் மட்டும் இல்லை. அவள் சொல்லித்தான் விட்டார்களா, யாருக்கும் தோன்றவில்லையா? இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இருக்காது. தேடப் போவதும் இல்லை.

கர்ட் கையுறையைக் கழற்றிவிட்டுக் கல்லின் மண்ணைத் தட்டினான். "இவ்வளவு நாளும் நாம வேற வீட்டுப் புல்லை வெட்டிக்கிட்டு இருந்திருக்கோம்" என்றான். எரிச்சலாக இல்லை.

அடுத்த வரிசையில் இடம் இருக்கிறது என்று கல்லறைப் பொறுப்பாளர் சொன்னார். அப்பாவிடம் சொன்னபோது, நிழல் விழுமா என்று மட்டும் கேட்டார். மேப்பிள் மரம் இருக்கிறது என்றேன்.

மே 12, சனி

கல் வெட்டுபவர் வீட்டுக்கே வந்தார். சாம்பல் நிறக் கிரானைட், மெருகு வேண்டாம், பளபளத்தால் கடை மாதிரி இருக்கும் என்றார் அப்பா. வாசகத்தை ஒரு பால் ரசீதின் பின்னால் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். பெயர், பிறந்த வருடம், ஒரு கோடு. கீழே ஒரு வரி: டார்கஸ் வழி வந்தவன்.

கல் வெட்டுபவர் அதைப் படித்துவிட்டு, டார்கஸுக்குக் குடும்பப் பெயர் போட வேண்டாமா என்று கேட்டார். டன்னிங் என்றோ பீபி என்றோ.

"அவ பேரு அவ்வளவுதான் நமக்குக் கிடைச்சது" என்றார் அப்பா. "அவ்வளவே வெட்டுங்க."

தன் கல்லில் பெற்றவர்களைக்கூடப் போடாத மனிதர் என்று எனக்குத் தோன்றியது. பாட்டனைப் போடவில்லை, எலையைப் போடவில்லை.

ஜூன் 23, சனி

கல்லை வைத்துவிட்டார்கள். அப்பாவைக் கூட்டிப் போனோம். கைத்தடியோடு ஒரு சுற்று சுற்றி வந்து, இடது பக்கம் சாய்கிறது என்றார். கர்ட் ரசமட்டம் வைத்துக் காட்டினான், சாயவில்லை. "உன் மட்டம் சாயுது" என்றார்.

பிறகு தன் கல்லின் பீடத்திலேயே உட்கார்ந்து, காகிதப் பையிலிருந்து ஒரு டோனட்டை எடுத்துச் சாப்பிட்டார். கல்லில் பிறந்த வருடத்துக்கு அடுத்த கோட்டின் பின்னால் இருக்கும் வெற்று இடம் அவர் தோளுக்குப் பக்கத்தில் தெரிந்தது. மேப்பிள் நிழல் பத்து மணிக்கே வந்துவிட்டது.

பக்கத்து வரிசைக்குப் பூத்தொட்டியோடு வந்த ஒரு பெண்மணி, அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கல்லைப் படித்தார். டார்கஸ் யார், உங்கள் மனைவியா என்று கேட்டார்.

"இல்ல" என்றார் அப்பா, சர்க்கரையைச் சட்டையிலிருந்து தட்டிக்கொண்டே. "எங்க குடும்பத்துல முதல் ஆளு."

அந்தப் பெண்மணி தலையாட்டிவிட்டுத் தன் தொட்டியை வைக்கப் போனார். இன்னும் கேட்டிருந்தால் அப்பா முழுவதும் சொல்லியிருப்பார். சொல்வதற்காகவே கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.